பி.எஸ்.ஏ-ன்னா என்னங்க?

அம்பத்தூர்ல வளர்ந்தவங்களுக்கு 'டி.ஐ. சைக்கிள்'னா கம்பெனி பேரு மட்டுமில்ல, பஸ் ஸ்டாப் பேரும்கூட. எட்டாவது படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்த என் முதல் சைக்கிள் பி.எஸ்.ஏ. அந்த மூணு எழுத்துக்கு என்ன அர்த்தம்னு பசங்க எல்லாரும் மண்டையை உடைச்சுக்குவோம். 'பி'ன்னா பைசைக்கிள், அதுல சந்தேகமே இல்ல. மிச்ச ரெண்டு எழுத்துதான் உதைக்கும்.

ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் விஷயம் தெரிஞ்சுது. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். அதாவது, பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனி!

கதை இதுதான். கிரிமியப் போருக்கு அப்புறம் பிரிட்டிஷ் அரசு என்ஃபீல்டுல இருந்த தன்னோட துப்பாக்கித் தொழிற்சாலையில மெஷின்களை இறக்குச்சு. கையால துப்பாக்கி செஞ்சுக்கிட்டிருந்த பர்மிங்காம் கொல்லர்களுக்குப் பொழைப்பு போயிடுமோன்னு பயம். அவங்கள்ல 14 பேர் சேர்ந்து, நாமளும் மெஷின்லயே செய்வோம்னு 1861-ல ஆரம்பிச்சதுதான் பி.எஸ்.ஏ. சாய்ச்சு அடுக்கி வெச்ச மூணு துப்பாக்கிதான் அவங்க முத்திரை.

சண்டை இருந்தா ஆர்டர், இல்லைன்னா ஈ ஓட்டணும். அப்படி ஆர்டர் வத்திப்போன நேரத்துலதான், 1880-ல, சைக்கிள் பக்கம் திரும்பினாங்க. துப்பாக்கி உதிரி பாகத்தை இம்மி பிசகாம கடையற மெஷினுக்கு சைக்கிள் பாகமா கஷ்டம்? நடுவுல பெரிய துப்பாக்கி ஆர்டர் வந்ததும் சைக்கிளை நிறுத்திட்டாங்க. அது குறைஞ்சதும் மறுபடி சைக்கிள். 1907 வாக்குல காரும் செய்ய ஆரம்பிச்சு, 1910-ல டெய்ம்லர் கார் கம்பெனியையே வாங்கிட்டாங்க. அதே வருஷம் மோட்டார் சைக்கிளும் வந்துடுச்சு. ஆக, கார் மேலயும் அதே துப்பாக்கிப் பேருதான்.

பேருக்கு ஒரு விலையும் இருந்துச்சு. 1940 நவம்பர்ல ஜெர்மன் விமானங்கள் அந்தத் தொழிற்சாலை மேல குண்டு போட்டதுல 53 தொழிலாளிங்க செத்துப்போனாங்க.

சரி, இது எப்படி அம்பத்தூருக்கு வந்துச்சு? 1957-ல சைக்கிள் பிரிவை ராலே கம்பெனிக்கு வித்தாங்க. 1960-ல அந்த ராலே, டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ்ங்கற இன்னொரு பர்மிங்காம் கம்பெனியோட சேர்ந்துச்சு. அந்தக் கம்பெனிதான் நம்ம டி.ஐ! முருகப்பா குழுமத்தோட கூட்டு சேர்ந்து 1949-லயே இங்க சைக்கிள் கம்பெனி தொடங்கியிருந்தாங்க. ஹெர்குலிஸுக்குப் பக்கத்துல பி.எஸ்.ஏ-வும் வந்து உக்காந்துச்சு. தாய்க் கம்பெனி 1973-ல நொடிச்சுப்போய் வேற கம்பெனியோட கலந்துடுச்சு. பேரு மட்டும் நம்ம ஊர் பொண்ணுங்களோட லேடிபேர்ட் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போய்க்கிட்டே இருந்துச்சு :-)

இதை ஆவடியில வேலை பார்த்து ரிடையர் ஆன எங்க பெரியப்பாகிட்ட சொன்னேன். "போடா, எங்க கதை இதுக்கு நேர் தலைகீழ்"னார். அவர் வேலை பார்த்தது ஹெச்.வி.எஃப்-ல. விரிச்சா கனரக வாகனத் தொழிற்சாலை. கேட்டா லாரி செய்யற இடம்னு தோணும். 1965-ல அங்கேருந்து வெளிய வந்தது விஜயந்தா டாங்கி! துப்பாக்கின்னு பேர் வெச்ச இடத்துல சைக்கிள், வாகனம்னு பேர் வெச்ச இடத்துல பீரங்கி. ரெண்டுக்கும் நடுவுல மூணே ஸ்டேஷன்.

'ஆவடி'ங்கறதே ஏதோ கவச வாகனக் கிடங்கோட ஆங்கிலச் சுருக்கம்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது, கேட்டிருப்பீங்க. டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961-ல. காங்கிரஸ் மாநாடு ஆவடியில நடந்தது 1955 ஜனவரியில. தொழிற்சாலைக்கு முன்னாடியே ஊருக்கு அந்தப் பேரு இருந்துச்சுங்க.

ஆனா 2021-ல ஒரு வேடிக்கை. படைக்கலத் தொழிற்சாலைகளைப் பிரிச்சு ஏழு கம்பெனி ஆக்கினப்போ, ஆவடியைத் தலைமையிடமா வெச்சு வந்த கவச வாகன நிறுவனத்தோட சுருக்கப் பேரு 'அவனி'. ஊர்ல சுத்துன பொய்க்கதையில பாதி நிஜமாயிடுச்சு!

அந்த எட்டாம் கிளாஸ் பையன்கிட்ட இதெல்லாம் யாராவது சொல்லியிருந்தா, சைக்கிள்ல போகும்போது வாயாலயே 'டுமீல் டுமீல்'னு சுட்டுக்கிட்டே போயிருப்பான்.