செக்ரோலில் பெயர் இருக்கும்வரை

அப்பா அம்மாவுக்கு எந்த மருத்துவக் காப்பீடு எடுப்பது என்று ராத்திரி பதினோரு மணிக்கு இங்கே நியூஜெர்சியில் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் என்னைப்போல் நிறையப் பேர் இருப்பீர்கள். பிரீமியம் எவ்வளவு, சர்க்கரை இருந்தால் எத்தனை வருடம் காத்திருக்கணும், மதுரையில் எந்த ஆஸ்பத்திரியில் கையிலிருந்து காசு கட்டாமல் சேரலாம்... இதையெல்லாம் அலசிக்கொண்டிருந்தபோது வேறொரு கேள்வி வந்தது. சின்னக்கானல் மலையில் முப்பது நாற்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு, வேலையில் இருந்தவரை ஆஸ்பத்திரி இருந்தது. மாத்திரை இருந்தது. ரிட்டையரான மறுநாள் அது எங்கே போனது? அதைத் தேடியதில் கிடைத்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் தெரியாதவர்களுக்கு: மூணாறிலிருந்து தேவிகுளம், கேப் ரோடு தாண்டி பூப்பாறைப் பக்கம் போகும்போது வருகிற மலைதான் சின்னக்கானல். 2023-ல் அரிக்கொம்பன் யானையைப் பிடித்ததை எல்லா டிவியிலும் காட்டினார்களே, அதே ஊர். பூப்பாறையிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கினால் போடிநாயக்கனூர். தேயிலைக்கும் ஏலத்துக்கும் ஆள் வந்தது பெரும்பாலும் கீழேயிருந்துதான். 1877-ல் மன்றோ துரை பூஞ்சார் அரசரிடம் கண்ணன் தேவன் மலையை வாங்கிய கதையை ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள், அதை விடுகிறேன். எனக்கு வேண்டிய கதை 1940-களில் ஆரம்பிக்கிறது.

1944-ல் பேராசிரியர் அதார்கர் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஒரு திட்டம் எழுதிக்கொடுத்தார். அது ஆலைத் தொழிலாளிக்கானது. அதிலிருந்து பிறந்ததுதான் 1948-ன் ஈ.எஸ்.ஐ. சட்டம். தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம் பணம் போட, பொதுவான ஒரு நிறுவனம் ஆஸ்பத்திரி நடத்தும். தோட்டத் தொழிலாளி இதில் இல்லை. தோட்டங்களுக்கென்று ரேகே தனியாக ஓர் அறிக்கை கொடுத்தார் (1946). தேயிலைத் தோட்டங்களின் மருத்துவ வசதி பற்றி 1947-ல் மேஜர் லாய்ட் ஜோன்ஸ் என்ற டாக்டர் இன்னொன்று எழுதினார். இந்த வரிசையின் முடிவில் 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1954-ல் நடைமுறைக்கு வந்தது. வீடு, பள்ளிக்கூடம், பிள்ளைக் காப்பகம், ஆஸ்பத்திரி எல்லாம் தோட்ட முதலாளியே கொடுக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

நல்ல சட்டம்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் இருப்பார், பிரசவம் பார்ப்பார்கள். பெரிய வியாதி என்றால் எஸ்டேட் வண்டியிலேயே அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். காய்ச்சலுக்குக் கீழே போடிக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அடிப்படையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பேரில் ஒரு கணக்கு இருந்தது. எஸ்டேட்டில் கணக்கே கிடையாது, செக்ரோலில் பெயர் மட்டும்தான். பெயர் இருக்கும்வரை மருந்து. "பேரு வெட்டியாச்சுன்னா ஊசியும் வெட்டியாச்சு" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஈ.எஸ்.ஐ. விதிகளில் பின்னாளில் ஒரு வசதி வந்தது. ஐந்து வருடமாவது காப்பீட்டில் இருந்து வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவிக்கும் மருத்துவம் தொடரும். மாதம் பத்து ரூபாய்! கோயம்புத்தூரில் மில்லில் இருந்த மாமாவுக்கு இது கிடைத்தது. மலைமேல் கொழுந்து கிள்ளிய அவர் தங்கைக்கு, அதாவது என் அம்மாவுக்கு, இல்லை. அண்ணன் தங்கை இரண்டு பேருமே உடம்பால் உழைத்தவர்கள். சட்டம்தான் வேறு.

தோட்டச் சட்டத்தில் ஒரே ஒரு சன்னல் இருந்தது. ‘குடும்பம்’ என்ற சொல்லுக்கு அது தந்த விளக்கத்தில், தொழிலாளியை நம்பியிருக்கும் தாய் தகப்பனும் உண்டு. அதாவது மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் போட்டிருந்தால், ரிட்டையரான பெற்றோருக்கும் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். லயத்தில் அவர்கள் தொடர்ந்து இருக்க முடிந்ததும் இப்படித்தான். மகன் பேரில் வீடு, மகன் பேரில் மருந்து.

இப்போது கணக்குப் போடுங்கள். படித்து மலையிறங்கிய பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தச் சன்னலும் சாத்திக்கொண்டது. ‘நம்மளோட போகட்டும் இந்தக் கூடை’ என்று சொல்லித்தான் எங்கள் தலைமுறையைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையில், வயதான காலத்தின் வைத்தியமும் சேர்ந்திருந்தது. பணிக்கொடை வந்தது, உண்மை. 1972-ன் பணிக்கொடைச் சட்டத்தில் தோட்டங்களும் அடக்கம், வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஆனால் அந்தச் சம்பளம் எவ்வளவு? 2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தபோது தினக்கூலி 232 ரூபாய். முப்பது வருடப் பணிக்கொடையை இதில் பெருக்கிப் பார்த்தால், ஓர் இருதய ஆபரேஷன்கூடத் தாங்காது.

தனியாகக் காப்பீடு எடுத்திருக்கலாமே என்பீர்கள். பொதுத்துறை நிறுவனங்கள் 1986-ல் மெடிக்ளெய்ம் கொண்டுவந்தன. ஏற்கெனவே உள்ள வியாதிக்குப் பணம் கிடையாது என்பதுதான் அதன் முதல் நிபந்தனை. அறுபது வயதில் வியாதி இல்லாமல் மலையிறங்குகிறவர் யார்? குளிர், அட்டை, மருந்தடிப்பு, கூடைச்சுமை... தவிர அந்தப் பாலிசி மாத்திரைக்குப் பணம் தராது, படுத்தால்தான் தரும்.

ஏழைகளுக்கென்று உண்மையில் மாற்றம் வந்தது 2008-ல். மத்திய அரசின் ஆர்.எஸ்.பி.ஒய். திட்டம்: 30 ரூபாய் கட்டணம், ஐந்து பேருக்கு 30,000 ரூபாய், கைரேகை பதித்த ஒரு அட்டை. வயது வரம்பில்லை, பழைய வியாதிக்கும் உண்டு. கேரளம் இதைத் தன் செலவில் இன்னும் பல குடும்பங்களுக்கு விரித்தது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். இரண்டு மாநிலங்களும் நன்றாகவே செய்தன. சிக்கல் நடுவில் இருக்கிற மலைதான்.

1956-ல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. வேலை மேலே, சொந்தபந்தம் கீழே என்றானது. ரிட்டையரானவர்கள் கொஞ்சம் பேர் மேலேயே சின்ன இடம் வாங்கித் தங்கினார்கள், மற்றவர்கள் போடி, தேவாரம் பக்கம் இறங்கினார்கள். என் அப்பா அம்மா 2011-ல் இறங்கி ரேஷன் கார்டை மாற்றினார்கள். அந்த ஜூனில்தான் தமிழ்நாட்டில் இலவச அரிசி ஆரம்பித்திருந்தது. கார்டு மாற்றுகிற யாரும் அன்று அரிசியைத்தான் நினைத்தார்கள். ஆனால் பிற்பாடு வைத்தியத்தைத் தீர்மானித்ததும் அதே கார்டுதான். மேலே தங்கிய பக்கத்து லயத்துக்காரர்கள் கைரேகை அட்டையைத் தவறாமல் புதுப்பித்து வந்தார்கள். 2019 ஏப்ரலில் கேரளம் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தை ஆரம்பித்தபோது, அந்த அட்டையைப் புதுப்பித்து வைத்திருந்த குடும்பங்கள் நேராக ஐந்து லட்சத்துக்குள் வந்துவிட்டன. பிளாஸ்டிக் அட்டைதானே என்று தூக்கிப் போட்டவர்கள் அலைந்தார்கள்.

இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். தனியார் பாலிசியில் 2024 ஏப்ரலுக்குப் பிறகு 65 வயது என்ற தடை போய்விட்டது. பழைய வியாதிக்கான காத்திருப்பு நான்கு வருடத்திலிருந்து அதிகபட்சம் மூன்றாகக் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் என்று அறிவித்தது. ஆதாரில் வயது இருந்தால் போதும். ஆனால் உங்கள் மாநிலம் அதை எப்படி நடத்துகிறது, பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி அதை ஏற்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள், தொலைபேசியில் சொல்வதை நம்பாதீர்கள். 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. இனி தோட்ட முதலாளி விரும்பினால் தொழிலாளிகளை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். எழுபது வருடம் கழித்து! அதுவும் ‘விரும்பினால்’.

வீட்டில் நாங்கள் செய்தது இதுதான். அப்பாவுக்கு 77 வயது, இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. அவர் வயதுக்குக் கிடைக்கிற பாலிசிகளில் பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும், மூன்று வருடம் காத்திருக்கவும் வேண்டும். அதனால் படுக்கிற வைத்தியத்துக்கு அரசு அட்டையையே அடித்தளமாக வைத்துக்கொண்டோம். பிரீமியமாகப் போகவிருந்த பணத்தை அம்மா பேரில் வங்கியில் போட்டாயிற்று. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மதுரை போய்வர டாக்சி என்று எந்த அட்டையும் தராத செலவுகளுக்கு அது.

மாத்திரைக்கு? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு அம்மா வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். எஸ்டேட் டிஸ்பென்சரி செய்த வேலைக்கு அதற்குப் பிறகு நான் பார்த்ததில் இதுதான் கிட்டத்தில் வருகிறது. அம்மா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, செக்ரோல் மாதிரி நோட்டில் பேர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்கிறாராம்.