மாந்தையிலிருந்து மலைவாசல் வரை: மாத்தளை நகரின் வரலாற்று உருவாக்கம்

மாத்தளையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைக் கண்டி இராச்சியத்தின் ஒரு திசாவனியாகவோ (மாகாணமாகவோ) 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி நடந்த களமாகவோதான் பார்த்திருக்கிறார்கள். அநுராதபுரம், பொலன்னறுவை, கண்டி ஆகிய மூன்று தலைநகரங்களின் நிழலில் அது மறைந்துபோனது. ஆனால் யட்டவத்த, பல்லேபொல, இறத்தோட்டை, உக்குவளை போன்ற சுற்றுப் பிரதேசங்களில் வாழ்வோருக்கு நகரம் என்றால் மாத்தளைதான். கச்சேரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் மாசி மகத் தேருக்கும் இன்றும் அங்கேதான் வருகிறார்கள். தலைநகராக நிலைத்திராத ஓர் ஊர் ஈராயிரம் ஆண்டுகளாக முக்கியத்துவம் இழக்காமல் இருப்பதற்குக் காரணம், மன்னார்க் கரையிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் வடக்கு வழியின் வாசலில் அது அமைந்திருப்பதே என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த வழியில் தமிழர் நடந்துவந்த காலமும் கோப்பிக் காலத்தோடு தொடங்கியதல்ல.

நிலத்தின் அமைப்பே இதைச் சொல்கிறது. மாத்தளைக்குக் கிழக்கே நக்கில்ஸ் மலைத்தொடர் எழுகிறது. தெற்கே கண்டிக்குப் போக பலகடுவக் கணவாயைக் கடக்க வேண்டும். வடக்கே மட்டும் நிலம் நாலந்தா, தம்புள்ளை வழியாக மெல்ல இறங்கி வறண்ட சமவெளியோடு கலக்கிறது. சுது கங்கையும் வடக்கு நோக்கியே ஓடி அம்பன் கங்கையோடு சேர்கிறது. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்துக் கால்வாய் வெட்டிய பண்டைய அரசர்கள் அந்த நீரை மின்னேரியா வரை கொண்டுபோனார்கள். பொலன்னறுவையின் வயல்களை வளர்த்தது மாத்தளை மலைகளின் மழை. 1976இல் பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பி, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கம் வழியாக உக்குவளைக்கு அனுப்பியபோது நவீனப் பொறியியலாளரும் அதே நீர்வழியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அலுவிகாரையும் நாலந்தாவும்

மாத்தளை வரலாற்றில் நுழையும் முதல் பெரும் நிகழ்ச்சியே மாந்தையில் தொடங்குகிறது. கி.மு. 103 அளவில் வட்டகாமணி அபயன் ஆட்சியேறிய சில மாதங்களுக்குள் ஏழு தமிழ்த் தலைவர்கள் மகாதித்தத்தில், அதாவது மாந்தை எனப்படும் மாதோட்டத்தில், படையோடு இறங்கியதாக மகாவம்சம் கூறுகிறது. அவர்களுள் ஐவர் ஒருவர்பின் ஒருவராக அநுராதபுரத்தை ஆண்டனர்: புலஹத்தன், பாஹியன், பனையமாறன், பிளையமாறன், தாடிகன். அரசன் மலைநாட்டுப் பக்கம் ஒதுங்கினான். ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீண்ட அக்காலத்தில் கொடிய பஞ்சமும் சேர்ந்துகொண்டது. பௌத்த மறைகளான பிடகங்களை மனப்பாடமாகக் காத்துவந்த பிக்குகள் பலர் மாண்டனர். மீண்டும் அரியணையேறிய வட்டகாமணியின் காலத்திலேயே திரிபிடகமும் அதன் உரைகளும் முதன்முறையாக எழுத்தில் பதியப்பட்டன.

அது நடந்த இடமாக மரபு சுட்டுவது மாத்தளை நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரைக் குகைகளை. ஒரு நுணுக்கத்தை இங்கே கவனிக்க வேண்டும். மகாவம்சம் எழுத்தில் பதிந்த செய்தியைத் தருகிறதே தவிர இடத்தைச் சொல்லவில்லை. மாத்தளையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது 14ஆம் நூற்றாண்டின் நிகாய சங்கிரகம். இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. ஆயினும் அந்த மரபை ஒதுக்கிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. தலைநகரின் மகாவிகாரையை விட்டு விலகி, ஓர் உள்ளூர்த் தலைவனின் பாதுகாப்பில் பிக்குகள் கூடினார்கள் என்று அம்மரபு சொல்வது, தலைநகர் நிலைகுலைந்திருந்த காலத்தின் சூழலோடு நன்றாகவே பொருந்துகிறது. அநுராதபுரத்திலிருந்து நடந்துவரக்கூடிய தூரத்தில், படைகள் எளிதில் வந்து தொடாத மலையடிவாரம் அது. பஞ்சமும் படையெடுப்பும் இல்லாதிருந்தால் இந்த ஏட்டுப்பணியே இவ்வளவு அவசரமாக நடந்திராது.

நகரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீற்றரில் நிற்கும் நாலந்தா கெடிகே வேறு விதமான சான்று. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாக ஆய்வாளர் கருதும் இச்சிறு கற்கோயிலைப் பார்க்கும் தமிழ்நாட்டவர் எவருக்கும் மாமல்லபுரம் நினைவுக்கு வரும். கருவறை, அர்த்தமண்டபம், கூடு முகப்புகள் எல்லாம் பல்லவக் கட்டடக் கலையின் இலக்கணத்தில் அமைந்தவை. வழிபாடோ பௌத்தம், அதிலும் தாந்திரீகச் சாயல் கொண்ட மகாயானம் என்பதைச் சிற்பங்கள் காட்டுகின்றன. இதைச் சைவக் கோயில் என்று உரிமை கொண்டாடுவதும், தமிழ்க் கலையோடு இதற்குத் தொடர்பே இல்லை என மறுப்பதும் ஒரே அளவு தவறு. சிற்பியின் மொழி ஒன்றாகவும் பிக்குவின் மொழி வேறொன்றாகவும் இருந்திருக்கலாம். கல்லில் இரண்டும் இசைந்து நிற்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நாடு முழுவதையும் கைப்பற்ற நடத்திய போர்களில் நாலந்தா ஓர் அரணாக விளங்கியதைச் சூளவம்சம் பதிந்திருக்கிறது. கோயில் இருந்த இடமும் படை தங்கிய இடமும் ஒன்றாகவே இருந்ததற்கு அந்த வடக்கு வழியே காரணம். போவதென்ன நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது கெடிகே கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு உயர்ந்த மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது.

இளவரசனின் மாத்தளை

கண்டி இராச்சிய காலத்தில் மாத்தளை ஒரே ஒரு முறை தனியாட்சியின் சுவையை அறிந்தது. செனரத் மன்னன் 1635இல் இறந்தபோது மலைநாடு மூன்று இளவரசர்களுக்குப் பங்காகியிருந்தது: கண்டி இரண்டாம் இராஜசிங்கனுக்கு, ஊவா குமாரசிங்கனுக்கு, மாத்தளை விஜயபாலனுக்கு. கொடபொலவில் அரண்மனை அமைத்திருந்த விஜயபாலன் போர்த்துக்கீச மொழி கற்றவன். தம்பி இராஜசிங்கனோடு பகை முற்றி, 1641 அளவில் தோல்வியுற்று, போர்த்துக்கீசரிடம் அடைக்கலம் புகுந்தான். கோவாவுக்கு அனுப்பப்பட்டு 1654இல் அங்கேயே இறந்தான். வரலாற்றாசிரியர் பி. ஈ. பீரிஸ் 1927இல் வெளியிட்ட நூல் அவனை மறதியிலிருந்து மீட்டது. அவன் வென்றிருந்தால் மாத்தளை தலைநகராகியிருக்குமா என்ற கேள்விக்கு வரலாற்றில் இடமில்லை. ஆனால் ஓர் இளவரசன் கண்டியை எதிர்த்து நிற்கும் அளவுக்கு வளமும் படையாட்களும் இப்பகுதியில் இருந்தன என்பது உறுதி.

ஆங்கிலேயரும் இவ்விடத்தின் அருமையை உடனே புரிந்துகொண்டார்கள். 1803இல் கண்டியின் மீது படையெடுத்தபோது திருகோணமலையோடு தொடர்பைக் காக்க மாத்தளையில் மக்டோவல் கோட்டையை அமைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கண்டியிலிருந்த ஆங்கிலேயப் படை அழிந்ததும் இக்கோட்டையிலிருந்தவர்கள் திருகோணமலைக்குப் பின்வாங்கினார்கள். கோட்டையில் எஞ்சியிருப்பது இன்று மயானத்தின் நுழைவாயிலாக நிற்கும் வாசல் மட்டுமே.

கோப்பியும் 1848உம்

1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் சேனை நிலமும் அரசுக்குச் சொந்தம் என்றது. கண்டிய விவசாயியிடம் பத்திரம் ஏது? மாத்தளையைச் சூழ்ந்த மலைகள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. அங்கே வேலை செய்ய ராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள்கட்டி அழைத்துவந்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து, ஏறத்தாழ 150 மைல் நடந்து, அவர்கள் முதலில் கண்ட மலையூர் மாத்தளை. வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் பசியும் வழிநெடுகப் பலி கொண்டன. நடக்க முடியாதவர்கள் காட்டிலேயே விடப்பட்டார்கள். எத்தனை உயிர் என்று எவரும் ஒழுங்காகக் கணக்கு வைக்கவில்லை என்பதே அந்தக் காலத்தின் கொடுமையைக் காட்டுகிறது. கோப்பி மூட்டைகளின் கணக்கு மட்டும் மிகத் துல்லியமாக இருக்கிறது.

1847இல் இலண்டனில் எழுந்த வணிக நெருக்கடி கோப்பி விலையை வீழ்த்தியது. காலியான கஜானாவை நிரப்ப ஆளுநர் டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் வரி விதித்தார். வீதிச் சட்டம் ஆண்டுக்கு 6 நாள் கூலியில்லா உழைப்பு, இல்லையேல் 3 ஷில்லிங் என்றது. இதை எதிர்த்துக் கிளர்ந்தவர்களின் அரசனாக 1848 ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். அங்கிருந்து தெற்கே இறங்கிய கூட்டம், புரன் அப்புவின் தலைமையில், மாத்தளையின் அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தது. வரியப்பொல தோட்டத்தருகே கப்டன் லில்லியின் படை அவர்களைச் சிதறடித்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடஹபொல தேரர் காவியுடையோடே சுடப்பட்டார். செப்டம்பரில் எல்கடுவவில் பிடிபட்ட கொங்காலேகொட பண்டா கசையடி பெற்று மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1849 டிசம்பரில் அங்கே இறந்தார். அடக்குமுறையின் கடுமை பிரித்தானிய நாடாளுமன்றம் வரை எதிரொலித்து, டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

இக்கிளர்ச்சியைச் சிங்கள விவசாயியின் வரலாறாகவும், கோப்பிக் கால இடப்பெயர்வைத் தமிழ்த் தொழிலாளியின் வரலாறாகவும் தனித்தனி நூல்களில் எழுதும் பழக்கத்தை நாம் விட வேண்டும். நிலம் இழந்தவனும், அந்த நிலத்தில் கூலியாக நிறுத்தப்பட்டவனும் ஒரே சட்டத்தால், ஒரே சந்தையால், ஒரே ஆண்டுகளில் அந்த நிலைக்குத் தள்ளப்பட்டவர்கள். மலையடியில் கிராமமும் மலைமேல் தொழிலாளர் லயமும் என்று இரண்டாகப் பிரிந்த குடியிருப்பு முறை அப்போது உருவானது. பின்வந்த நூற்றாண்டின் பகைகளுக்கு அந்தப் பிரிப்பே அடித்தளமிட்டது.

நகரம் இன்றைய முகத்தைப் பெற்றதும் அந்தத் தலைமுறையில்தான். வயலோரத்தில் ஒரு மரத்தடியில் வழிபடப்பட்ட முத்துமாரியம்மனுக்கு 1852இல் நிலம் கிடைத்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பொருளுதவியோடு 1874இல் கோயில் எழுந்தது. காட்டுவழியில் அம்மைக்கும் பேதிக்கும் உறவுகளைப் பறிகொடுத்து வந்தவர்கள் மாரியைத் தேடியதில் வியப்பில்லை. நகரின் கொங்காவளைப் பகுதியில் முஸ்லிம் வணிகர்கள் தழைத்தார்கள். 1880இல் கண்டியிலிருந்து ரயில் வந்தது. அதற்குள் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அரித்துக்கொண்டிருந்தது. நுவரெலியாப் பக்கம் தேயிலை முழுதாக இடம்பிடித்ததுபோல் இங்கே நடக்கவில்லை. தேயிலையோடு கொக்கோ, இறப்பர், மிளகு, சாதிக்காய், கராம்பு என்று பல பயிர்கள் பரவின. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் ரயிலும் இணைந்தபின் நடைவழி தேவையற்றுப் போயிற்று.

வழி திரும்பிய காலம்

1948இன் குடியுரிமைச் சட்டம் அந்த நடையாட்களின் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவர்களைக் கேட்டு எவரும் முடிவு செய்யவில்லை. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து பலர் வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். முன்னோர் மன்னாரிலிருந்து ஏறிவந்த அதே வடக்கு வீதியில் அவர்கள் எதிர்த்திசையில் இறங்கிப் போனதை வரலாற்றாசிரியர்கள் இன்னும் உரிய கவனத்தோடு எழுதவில்லை.

1983 ஜூலையில் முத்துமாரியம்மன் கோயில் கும்பலால் அழிக்கப்பட்டது. 1992இல் அது மீண்டும் எழுந்தது. 108 அடி இராஜகோபுரத்தில் 1008 சுதைச் சிற்பங்கள் உள்ளன. மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. நகரின் காயம் தமிழருக்கு மட்டும் உரியதுமல்ல: 2012 நவம்பரில் மாத்தளை ஆஸ்பத்திரி வளவில் தோண்டியபோது 150க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 1980களின் இறுதியில் காணாமற்போன சிங்கள இளைஞர்களின் பெற்றோர்கள் அங்கே வந்து நின்றார்கள்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்றோர் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, குடியுரிமைப் பத்திரம் இல்லாத தலைமுறைகளின் மண்ணிலிருந்து வந்த எழுத்தாளர்கள் ஊரைத் தம் பெயரின் முன்னே வைத்துக்கொண்டார்கள்: மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு. நாடகத்திலும் சிறுகதையிலும் நாவலிலும் இந்நகரமும் அதன் தோட்டங்களும் பதிவானது அவர்கள் வழியாகத்தான். கச்சேரிப் பதிவேடுகளையும் துரைமாரின் நாட்குறிப்புகளையும் வைத்தே மாத்தளை வரலாற்றை எழுதிவந்தவர்கள், அந்தப் படைப்புகளையும் கோயில் கணக்கேடுகளையும் தோட்டச் செக்ரோல்களையும் (வருகைப் பதிவேடுகளையும்) அதே தரத்துச் சான்றுகளாக எடுத்துப் படிக்க வேண்டும்.