ஆயிரம் டாலர் அரிசியும் நம்மூர் பொன்னியும்

அரிசி ஏற்றுமதி விலை என்றதுமே வகுப்பில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள் என்று தெரியும் :-) ஆனால் திருப்புலிவனம், உத்திரமேரூர் பக்கம் ஏரித் தண்ணீரில் நெல் போடுகிறவர்களுக்கு இது சொந்த விஷயம்.

முதலில் ஒன்று. உலகச் சந்தையில் அரிசியை ருசி பார்த்து விலை வைப்பதில்லை. 5 சதவீதக் குருணை, 25 சதவீதக் குருணை, புழுங்கல், வாசனை ரகம் என்றுதான் பிரிப்பார்கள். இந்தியச் சுங்கப் பட்டியலிலும் தீட்டிய அரிசிக்கு வெகுகாலம் மூன்றே பெட்டிகள்: புழுங்கல், பாசுமதி, மற்றவை. நம் பொன்னிப் பச்சரிசி அந்த 'மற்றவை'யில் அடக்கம். (பொன்னியே மலேசியாவின் மசூரி வழி வந்த ரகம்தான். மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1986-ல் வெளியிட்டது.)

இப்போது 2008-க்கு வருவோம். 2007 அக்டோபரில் தாய்லாந்தின் உயர்தர வெள்ளை அரிசி டன் சுமார் 330-340 டாலர். அந்த மாதம் இந்தியா பாசுமதி அல்லாத அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. பிறகு தடைக்குப் பதில் குறைந்தபட்ச விலை வைத்தார்கள்: முதலில் 425 டாலர், டிசம்பரில் 500, மார்ச்சில் 1000! 2008 ஏப்ரல் 1-ல் மறுபடி முழுத் தடை. வியட்நாமும் கதவைச் சாத்தியது. பிலிப்பைன்ஸ் பதறிப்போய் வாங்கித் தள்ளியது. ஏப்ரல் கடைசியில் தாய்லாந்து விலை 1000 டாலரைத் தாண்டிவிட்டது.

இத்தனைக்கும் உலகில் பெரிய விளைச்சல் வீழ்ச்சி எதுவும் இல்லை. எனக்கு இது பஞ்சமாகத் தெரியவில்லை, பயமாகத்தான் தெரிகிறது. மே மாதம் ஜப்பான் தன் கிடங்கில் இருந்த இறக்குமதி அரிசியை விற்கத் தயார் என்றது. அந்தப் பேச்சிலேயே விலை இறங்கத் தொடங்கியது.

சரி, நம் விவசாயிக்கு என்ன கிடைத்தது? 2007-08-ல் சன்ன ரக நெல்லுக்கு மத்திய அரசு விலை, போனஸ் சேர்த்து, குவிண்டால் 775 ரூபாய். ஒரு டன் அரிசிக்கு 15 குவிண்டால் நெல் என்று வைத்தால் 11,625 ரூபாய். வெளியே அதே ஒரு டன் ஏறக்குறைய 40,000 ரூபாய். அரவை, போக்குவரத்து எல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரிது. ரேஷன் அரிசி காப்பாற்றப்பட்டது, அது நியாயம்தான். ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

தடை 2011 செப்டம்பரில்தான் நீங்கியது. அடுத்த ஆண்டே இந்தியா ஏற்றுமதியில் முதலிடம்.

2023 ஜூலை 20-ல் அதே படம் மறுபடி ஓடியது. இந்த முறை ரகம் பார்த்தார்கள்: பச்சரிசிக்குத் தடை, ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 சதவீத வரி, பாசுமதிக்கு 1200 டாலர் குறைந்தபட்ச விலை. ஒரே வயலின் பொன்னி, பச்சரிசியானால் துறைமுகத்தில் நிற்கும், புழுங்கலானால் வரி கட்டிப் போகும். அமெரிக்காவில் நம்மவர்கள் சோனா மசூரி மூட்டைக்கு வரிசையில் நின்றார்கள். சிங்கப்பூருக்கு விதிவிலக்கு கிடைத்தது. 2024 செப்டம்பர், அக்டோபரில் இவையெல்லாம் விலக்கப்பட்டன.

கதவு திறந்ததும் விலை விழுந்தது. 2025-ல் தாய்லாந்து அரிசி 400 டாலருக்கும் கீழே போனது. 2025-26-க்கு சன்ன ரகத்தின் ஆதரவு விலை 2,389 ரூபாய். பழைய கணக்கையே போட்டால் நெல்லுக்கு மட்டும் 400 டாலர் ஆகிவிடுகிறது. அந்த விலையில் வாங்கினால் ஏற்றுமதிக்காரருக்குக் கட்டாது. மிச்சம் அரசுக் கொள்முதல் நிலையம். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், மழை நாளில் காய வைக்கக் களம் இல்லாதவர் வியாபாரி சொல்லும் விலைக்குத்தான் போக வேண்டும்.