ஏடு புரளும் கடிகாரம்

நிமிடத்துக்கு ஓர் ஏட்டைப் புரட்டி மணி காட்டும் கடிகாரத்தை நீங்கள் பார்த்ததுண்டா? அதற்கு முட்கள் கிடையா, எண்கள் மட்டுமே. 'ஃபிளிப் கடிகாரம்' என்பது அதன் பெயர். இன்று பழம்பொருள் சேகரிப்போர் இதைத் தேடிப்பிடித்துச் செப்பனிடுகிறார்கள்.

1903-இல் அமெரிக்கரான யூஜீன் ஃபிட்ச் இவ்வகைக் கடிகாரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அது சாவி கொடுத்து ஓடுவது. பின்னர் இத்தாலியின் சொலாரி நிறுவனம் மின்சாரத்தால் இயங்கும் வகையைச் செய்து, 1956-இல் வடிவமைப்புக்கான பரிசும் பெற்றது. ரயில் நிலையங்களில் சடசடவென்று புரண்ட அறிவிப்புப் பலகைகளும் இம்முறையைச் சேர்ந்தவையே. 1970-களில் ஜப்பானியக் கடிகாரங்கள் வீட்டு மேசைகளுக்கும் வந்தன.

இது இயங்கும் விதம் எளிது. ஓர் உருளையில் 60 ஏடுகள். ஒவ்வோர் ஏட்டின் முன்புறம் ஓர் எண்ணின் மேல்பாதியும், பின்புறம் அடுத்த எண்ணின் கீழ்ப்பாதியும் இருக்கும். ஏடு விழுந்ததும் புதிய எண் முழுமையாகத் தெரியும்.

உருளையைச் சுழற்றுவது எது? வீட்டு மின்சாரத்தில் ஓடும் வகைகளில் ஒரு சிறு ஒத்தியங்கு மோட்டார். மின்னோட்டத்தின் அதிர்வெண் எவ்வளவோ, அதற்கேற்பவே அது சுழலும். ஆகவே இக்கடிகாரத்தின் நாடித்துடிப்பு மின் நிலையத்தில் இருக்கிறது!

அமெரிக்காவில் மின்சாரத்தின் அதிர்வெண் நொடிக்கு 60 சுற்று. நம் நாட்டில் 50. அங்கிருந்து வந்த கடிகாரத்தைத் தருமபுரியில் ஓட விட்டால் என்னாகும்? மின்மாற்றி வைத்து மின்னழுத்தத்தைச் சரிசெய்யலாம், அதிர்வெண் மாறாது. ஒரு மணி நேரத்தில் அது 50 நிமிடமே நகரும். ஒரு நாளில் 4 மணி நேரம் பின்தங்கிவிடும்!

நமக்கென்றே செய்த கடிகாரமும் தப்பவில்லை. மின் பற்றாக்குறை மிகுந்த காலங்களில் தென்னக மின்தொகுப்பின் அதிர்வெண் 49-க்கும் கீழே இறங்கியதுண்டு. 49-இலேயே நின்றாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 நிமிடம் இழப்பு. மின்வெட்டு வந்தாலோ கடிகாரமே நின்றுவிடும்.

இந்தக் குறை இல்லாதது குவார்ட்ஸ் கடிகாரம். மின்கலத்தின் உதவியால் நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகமே அதன் துடிப்பு. 1984-இல் தொடங்கப்பட்ட டைட்டன் நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைச் செய்ய ஆலை அமைத்த இடம் ஓசூர். 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.

அப்படியானால், பழைய கடிகாரத்தின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் குவார்ட்ஸ் இயந்திரத்தைப் பொருத்தலாமே என்று கேட்பீர்கள். பொருத்தினால் நேரம் சரியாக இருக்கும். ஆனால் மின்தொகுப்போடு சேர்ந்து துடித்த கருவி மறைந்துவிடும். பொறுமையுள்ளவர்கள் 50 சுற்றுக்கு ஏற்ற பல்சக்கரத்தை மாற்றுகிறார்கள்; இறுகிப்போன பழைய மசகை மட்டும் துடைத்தெடுக்கிறார்கள்; ஏடுகளில் எண்ணெய் படவிடுவதில்லை, பட்டால் ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய கடிகாரம் கிடைத்தால், மின் இணைப்பு கொடுக்குமுன் அதன் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். 50-ஆ, 60-ஆ? அது எந்த நாட்டு மின்சாரத்துக்குப் பிறந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.