டர்போ கிட்

டர்போ இல்லாமல் விற்கப்பட்ட காரில் பின்னர் பொருத்தப்படும் டர்போசார்ஜர் தொகுப்பு. வெளியேறும் புகையின் விசையில் சுழலும் விசிறி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அதற்கேற்ப எரிபொருளைக் கூட்ட, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் நிரலையும் மாற்றுவார்கள்; மாசுக் கணக்கு பெரும்பாலும் பிசகுவது இங்கேதான். எரிபொருள் மிஞ்சினால் பெட்ரோல் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு, டீசலில் கரும்புகை.

நாமக்கல் லாரிக்காரர்களுக்கு டர்போ பழகிய பொருள். ஆனால் அவர்களுடையது தொழிற்சாலையிலேயே பொருத்தி, ஒப்புதல் பெற்று வருவது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கார் ஓட்டும் உரிமையாளர் தாமாக மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறக் கூடாது. கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம் மாற்றி எழுதிய 182ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வேறு எரிபொருளுக்கு மாற்றும் சிஎன்ஜி கிட்டுக்குச் சட்டமே வழிவிடுகிறது.

புகைச் சான்று இதற்குக் கேடயம் ஆகாது. பெட்ரோல் காரை நிறுத்தி, எஞ்சினைச் சுமையில்லாமல் ஓடவிட்டே சோதிப்பார்கள். பிஎஸ்-4 மாசு விதிமுறை முதலானவற்றின் கீழ் வரும் கார்களுக்கு மெது ஓட்டத்தில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 விழுக்காடு. சுமையில்லாதபோது டர்போ அநேகமாகத் தூங்கும். நைட்ரஜன் ஆக்சைடுகளை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. இத்தகைய கார்களுக்கு உகந்த இடம் கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத்தடம். அங்கே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதே முறை.