படை நடந்து போன நாள்

சென்ற வாரம் ரோமில் மன்னராட்சி ஒழிந்த கதையைப் பார்த்தோம். மன்னன் போய்விட்டான், வட்டிக்காரன் போகவில்லை.

கி.மு. 495. ஃபோரம் என்ற பொதுத்திடலில் ஒரு கிழவர் வந்து நின்றார். கந்தல் உடை, பரட்டைத் தாடி, எலும்பும் தோலுமான உடம்பு. ஒரு காலத்தில் படைப்பிரிவுத் தலைவராக இருந்தவர் என்று சிலர் அடையாளம் கண்டுகொண்டார்கள். மார்பில் போர்த் தழும்புகள் இருந்தன. அவர் போர்முனையில் இருந்தபோது எதிரிகள் விளைச்சலை அழித்து, வீட்டைக் கொளுத்தி, மாடுகளை ஓட்டிப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து வரி கேட்டு வந்தார்கள். கடன் வாங்கினார். வட்டி ஏறியது. பாட்டன் வழி நிலம் போய், மிச்சம் மீதியும் போய், கடைசியில் அவர் உடம்பே ஈடானது. சொல்லி முடித்துவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டினார். அதில் காயாத சாட்டையடிகள். மார்பில் இருந்தது எதிரி தந்த காயம். முதுகில் இருந்தது சொந்த ஊர்க்காரன் தந்தது.

இதை எழுதிய ரோம வரலாற்றாசிரியர் லிவி சுமார் 500 ஆண்டுகள் பிற்பட்டவர். ஒவ்வொரு விவரமும் இப்படியே நடந்ததா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். ஆனால் 'நெக்சம்' என்ற கடனடிமை முறை ரோமில் இருந்தது உண்மை. நம் ஊர்ச் சொல்லில், கொத்தடிமை.

பிளபியன்கள் எனப்பட்ட சாமானியர்கள்தான் ரோமப் படையின் பெரும்பகுதி. பதவிகளோ பெட்ரீசியன் என்ற பிரபுக் குடும்பங்களின் கையில். போர் வந்தால் கடன் சலுகை பேசுவார்கள், வென்றதும் மறந்துவிடுவார்கள். கி.மு. 494-ல் பிளபியன்கள் பொறுமை இழந்தார்கள். ஆனால் ஊருக்குத் தீ வைக்கவில்லை. ஆனியோ ஆற்றைத் தாண்டி, சுமார் 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த புனித மலைக்குப் போய், அகழி வெட்டி முகாமிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள். எதிரி வந்தால் தடுக்க நகரத்தில் ஆளில்லை.

செனட் மெனேனியஸ் அக்ரிப்பாவைத் தூது அனுப்பியது. வயிற்றுக்கு எதிராகக் கைகால்கள் வேலைநிறுத்தம் செய்து, உடம்பே மெலிந்துபோன கதையை அவர் சொன்னாராம். கதை பிரபலமாகிவிட்டது. ஆனால் பிளபியன்கள் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு வீடு திரும்பவில்லை. ஒரு பதவியைப் பெற்றுக்கொண்டுதான் திரும்பினார்கள். அதன் பெயர் டிரிப்யூன். அதிகாரியின் ஆணையைத் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவர்மீது கைவைப்பவனைக் கொல்வோம் என்று பிளபியன்கள் சத்தியம் செய்தார்கள். அவர் இரவில் நகருக்கு வெளியே தங்கக் கூடாது. வீட்டுக் கதவை இரவும் பகலும் திறந்தே வைக்க வேண்டும்.

இப்போது 2011 செப்டம்பர் 17-க்கு வருவோம். நியூயார்க் வால் ஸ்ட்ரீட் அருகே ஸுக்கோட்டி பூங்காவில் இளைஞர்கள் கூடாரம் அடித்தார்கள். 'ஆக்கிரமிப்பு இயக்கம்' என்று அதற்குப் பெயர். இவர்களையும் அங்கே கொண்டுவந்ததில் கடனுக்குப் பெரும் பங்கு: படிப்புக் கடன், வீட்டுக் கடன். ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல, சுற்றி நின்றவர்கள் அதையே சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். பின்வரிசைக்கு அப்படித்தான் பேச்சு போய்ச் சேர்ந்தது. 'நாங்கள் 99 சதவீதம்' என்ற முழக்கம் உலகெங்கும் பரவியது. தலைவர் வேண்டாம், கோரிக்கைப் பட்டியலும் வேண்டாம் என்று இருந்தார்கள். நவம்பர் 15 விடிவதற்குள் போலீஸ் பூங்காவைக் காலி செய்தது.

பிளபியன்கள் விலகியதும் ரோம் முடங்கியது. இவர்கள் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்தும் பங்குச்சந்தையில் வியாபாரம் ஒருநாளும் நிற்கவில்லை. அவர்கள் கதவு திறந்த ஒரு வீட்டை வென்றார்கள். இவர்கள் ஒரு சொல்லை வென்றார்கள். அதுவும் வீணாகவில்லை. இந்த இயக்கத்திலிருந்து கிளைத்தவர்கள் 2012-ல் நன்கொடை திரட்டி, ஏழைகளின் மருத்துவக் கடன்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, வசூலிக்காமல் தள்ளுபடி செய்தார்கள்.

'ஆக்கிரமிப்பு இயக்கம் தோற்றுவிட்டது' என்று தீர்ப்பு எழுதுபவர்கள் ரோமின் கணக்கையும் பார்க்க வேண்டும். பெட்ரீசியன் வீட்டில் பெண் எடுக்கும் உரிமை கி.மு. 445-ல்தான் வந்தது. கான்சல் என்ற உச்சப் பதவி 367-ல். நெக்சம் ஒழிந்தது 326 வாக்கில். பிளபியன் சபையின் தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்ற சட்டம் 287-ல். புனித மலையிலிருந்து அங்கே வந்துசேர 207 ஆண்டுகள் ஆயின. அப்போதும் உயர்பதவிக் கதவு வசதியான பிளபியன்களுக்கே திறந்தது. அவர்கள் பழைய பிரபுக்களோடு சேர்ந்து புதிய பிரபுக்களானார்கள்.

வென்ற உரிமையைக் காவல் காப்பது அடுத்த வேலை. டிரிப்யூன்மீது கைவைக்கக் கூடாது என்ற சத்தியம் கி.மு. 133-ல் உடைந்தது. ஏழைகளுக்கு நிலம் கேட்ட டைபீரியஸ் கிராக்கஸை செனட்டர்களே முன்னின்று அடித்துக் கொன்றார்கள். அந்தக் கதை அடுத்த வாரம்.