ஆறு ஆண்டு அடமானம்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆட்டக்களம் ஓய்ந்த பிறகுதான் சந்தை சூடுபிடிக்கும். அக்டோபர் இறுதியிலோ நவம்பர் தொடக்கத்திலோ ‘வேர்ல்டு சீரிஸ்’ முடிகிறது. டிசம்பரில் 30 அணிகளின் மேலாளர்களும் ஓரிடத்தில் கூடி, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று பேரம் பேசுகிறார்கள். பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம்கள் திறக்கும்வரை இந்தப் பேரம் ஓயாது. ‘கணப்பு அடுப்புக் காலம்’ என்று இதற்கு அங்கே ஒரு பெயர் உண்டு. பனிக்காலத்தில் கடைகளின் இரும்புக் கணப்பைச் சுற்றி அமர்ந்து ஊர்க்காரர்கள் பேஸ்பால் வம்பளந்த நாட்களின் மிச்சம் அந்தப் பெயர். நம் ஊர் டீக்கடை பெஞ்சுக்கு அது அண்ணன்முறை.

நான் அந்த ஆட்டத்தின் ரசிகன். அதைவிட அந்தச் சந்தையின் ரசிகன். உழைப்பாளி ஒருவரின் பங்களிப்பை இவ்வளவு துல்லியமாக அளந்து, அவருடைய ஊதியத்துக்குப் பக்கத்திலேயே பகிரங்கமாக எழுதிவைக்கும் தொழில் உலகில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் கணக்கேட்டைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: குளிர்காலப் பரிமாற்றங்களில் கைமாறுவது வீரரின் திறமை அல்ல. அவருடைய திறமைக்கும் அவருக்குக் கொடுக்கப்படும் கூலிக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் கைமாறுகிறது.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐபிஎல்லில் ஓர் அணி தன் வீரரை மற்றோர் அணிக்கு மாற்றித்தர வேண்டுமானால் அவரது சம்மதம் தேவை. பேஸ்பாலில் பெரும்பாலான வீரர்களிடம் யாரும் கேட்பதில்லை. மேஜர் லீக்கில் 10 ஆண்டுகள் ஆடி, அவற்றில் கடைசி 5 ஆண்டுகளை ஒரே அணியில் கழித்தவர்களும், ஒப்பந்தத்திலேயே தனியாக எழுதி வாங்கிக்கொண்டவர்களும் மட்டுமே மறுக்கலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஓர் இளம் வீரர் மேஜர் லீக்கில் நுழைந்தால், முதல் ஆறு ஆண்டுகளுக்கு அவர் அந்த அணியின் உரிமைக்கு உட்பட்டவர். அவற்றில் முதல் மூன்று ஆண்டுகளில் குறைந்தபட்ச ஊதியமோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ கிடைக்கும். 2025-இல் அந்தக் குறைந்தபட்சம் 7.6 லட்சம் டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான ஊதியத்தை, உடன்பாடு ஏற்படாவிட்டால், நடுவர் குழு தீர்மானிக்கும். அது திறந்த சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கும். ஆறு ஆண்டுகள் முடிந்த பிறகே அவர் சுதந்திர வீரர். அப்போதுதான் எந்த அணியோடும் தானே பேரம் பேசலாம்.

ஆண்டுக்கு 7.6 லட்சம் டாலர் குறைவா என்று வாசகர் கேட்கலாம். நம் பார்வையில் அது பெருந்தொகைதான். ஆனால் கூலி நியாயமானதா என்பதை அந்த உழைப்பு ஈட்டித்தரும் வருமானத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பார்ப்பவருடைய சம்பளத்தோடு அல்ல. பேஸ்பாலில் அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு வீரர் இல்லாமல் போய், அவர் இடத்தில் எளிதாகக் கிடைக்கும் சாதாரண மாற்று ஆட்டக்காரர் ஒருவரை இறக்கினால், 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அணிக்கு எத்தனை வெற்றிகள் குறையும்? அந்த எண்ணிக்கையை ‘வார்’ என்கிறார்கள். சுதந்திர வீரர்களுக்கான சந்தையில் இப்படி ஒரு கூடுதல் வெற்றியின் விலை ஏறத்தாழ 80 லட்சம் டாலர் அல்லது அதற்கும் மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

இப்போது பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸைப் பாருங்கள். இவர் பிட்சர், அதாவது பந்தெறிபவர். 2024-இல் சிறந்த புதுமுக வீரர்; 2025-இல் சிறந்த பிட்சருக்கான ‘சை யங்’ விருதை ஒருமனதாகப் பெற்றவர். அந்தப் பருவத்தில் அணிக்கு ஆறு வெற்றிகளுக்குக் குறையாமல் சேர்த்திருக்கிறார். சந்தை விலையில் அது 4.8 கோடி டாலர். அவருடைய ஊதியமோ 10 லட்சம் டாலரைத் தொடவில்லை. தனியாகக் கிடைத்த ஊக்கத்தொகையைச் சேர்த்தாலும் 50 லட்சத்தைத் தாண்டவில்லை. இடையிலுள்ள தொகைக்கு அமெரிக்கப் பேஸ்பால் ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? உபரி மதிப்பு! கார்ல் மார்க்ஸ் முதலாளித்துவத்தின் மீது சுமத்திய குற்றச்சாட்டின் பெயரை, முதலாளித்துவத்தின் தலைமையிடத்தில் பாராட்டுச் சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். இந்த முரணை முதன்முதலில் கவனித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். குளிர்காலம்தோறும் மற்ற அணிகளின் ரசிகர்கள் ஸ்கீன்ஸை வாங்கக் கனவு காண்பதற்கு அவருடைய வலக்கை பாதிக் காரணம். அவருடைய சம்பளச் சீட்டு மீதிக் காரணம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாத பரிமாற்றங்கள் பல இந்த ஒரு கணக்கால் விளங்கிவிடும். வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி தன் நட்சத்திரம் ஹுவான் சோட்டோவுக்கு 2022-இல் 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தர முன்வந்தது, அவர் மறுத்தார். அந்த ஆகஸ்டிலேயே அவரை சான் டியாகோ பாட்ரேஸுக்கு அனுப்பிவிட்டது. பதிலுக்கு வந்த இளைஞர்களில் ஜேம்ஸ் வுட், சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர் ஆகிய மூவரும் பின்னாளில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்கள். 2023 டிசம்பரில் சான் டியாகோ அவரை நியூயார்க் யாங்கீஸுக்கு மாற்றியபோது கிடைத்தது அதைவிடச் சிறிய விலை. சோட்டோவின் ஆட்டம் மங்கிவிட்டதா? இல்லை. முதல் பரிமாற்றத்தின்போது அவருடைய ஆறு ஆண்டுகளில் இரண்டரைப் பருவங்கள் மிச்சமிருந்தன. இரண்டாவதன்போது ஒன்றே ஒன்று. ஓராண்டு கழித்துச் சுதந்திரமடைந்த அதே சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் அணி 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் கொடுத்தது. அணிகளுக்கு இடையே அவருடைய விலை இறங்கிய காலத்தில்தான் அவருக்கே உரிய விலை ஏறியது.

இந்தத் தர்க்கம் பணம் குறைந்த அணிகளுக்கு உயிர்நாடி என்பதை ஒப்புக்கொள்கிறேன். மில்வாக்கி புரூவர்ஸ் 2024 பிப்ரவரியில், சுதந்திரத்துக்கு ஓராண்டே மிச்சமிருந்த தன் தலைசிறந்த பிட்சர் கார்பின் பர்ன்ஸை பால்டிமோருக்குக் கொடுத்து இரண்டு இளைஞர்களையும் ஒரு புதுமுகத் தேர்வு வாய்ப்பையும் பெற்றது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஏழை அணியா? 2018-இல் அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதையும் அணிக்குக் கோப்பையையும் பெற்றுத்தந்த மூக்கி பெட்ஸை 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அலெக்ஸ் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங் என்ற மூவரை வாங்கியது. நாட்டின் மிகப் பணக்கார அணிகளில் ஒன்று, ஊதியச் செலவுக்கான வரி வரம்பைக் காரணம் காட்டி, 27 வயதில் உச்சத்தில் நின்ற வீரரை விட்டது. டாட்ஜர்ஸ் அவருக்கு 12 ஆண்டுகளுக்கு 36.5 கோடி டாலர் தந்து, அவருடன் 2020, 2024, 2025 என மூன்று கோப்பைகளை வென்றிருக்கிறது. உபரி மதிப்புக் கணக்கை வறுமைக்கு வைத்தியமாக ஏற்கலாம். கஞ்சத்தனத்துக்குப் போர்வையாக ஏற்க முடியாது. 1920-இன் தொடக்கத்தில் பேப் ரூத்தை 1 லட்சம் டாலருக்கு யாங்கீஸிடம் விற்றுவிட்டு, அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருந்த அதே அணி அது.

சட்டப் பின்னணி இல்லாமல் இந்த ஆறு ஆண்டு ஏற்பாடு விளங்காது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான ‘தக்கவைப்பு விதி’யின்படி, ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அந்த அணிக்கே உரியவர், ஓய்வுபெறும்வரை. போட்டியை முடக்கும் இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கு எதிரான சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, 12 ஆண்டுகள் தனக்காக ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். தன் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்தல்ல என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார், வழக்குத் தொடுத்தார். ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளத்தைத் துறந்து 1970 பருவம் முழுவதும் களத்துக்கு வெளியே இருந்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிட்டது. விதி உடைந்தது 1975 டிசம்பரில். ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இருவரின் வழக்கில் நடுவர் அளித்த தீர்ப்பால். ஃப்ளட் விதைத்ததை மற்றவர்கள் அறுத்தார்கள்.

பொருளாதார அறிஞர்களின் பங்கு இங்கே சுவையானது. அணிகளுக்கு இத்தகைய உரிமை இல்லாவிட்டால் பணக்கார அணிகள் எல்லா வீரர்களையும் அள்ளிக்கொள்ளும் என்று உரிமையாளர்கள் வாதிட்டுவந்தார்கள். சைமன் ராட்டன்பெர்க் 1956-இலேயே இதை மறுத்தார். வீரரை விற்கும் உரிமை அணியிடம் இருந்தாலும் அவரிடமே இருந்தாலும், கடைசியில் அவரால் அதிக வருமானம் பெறக்கூடிய இடத்துக்கே போய்ச் சேருவார். வேறுபாடு, அந்தப் பணம் யாருடைய பைக்குப் போகிறது என்பதில்தான் என்றார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் கோஸின் புகழ்பெற்ற கட்டுரைக்கு இது நான்கு ஆண்டுகள் மூத்தது. ஜெரால்ட் ஸ்கல்லி 1974-இல், வீரர்கள் அணிக்கு ஈட்டித்தந்த வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ஊதியமாகப் பெற்றார்கள் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

இன்னும் சுவையானது அடுத்த கட்டம். வீரர்கள் சங்கத் தலைவர் மார்வின் மில்லர், அதற்கு முன் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளாதார வல்லுநராக இருந்தவர். விதி உடைந்தபோது ஓக்லண்ட் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, எல்லா வீரர்களையும் ஆண்டுதோறும் சுதந்திரமாக்கிவிடுங்கள் என்றார். மில்லர் பயந்தது அதற்குத்தான். சந்தையில் சரக்கு குவிந்தால் விலை விழும் என்பது அவருக்குத் தெரியும். மற்ற உரிமையாளர்கள் ஃபின்லியைப் பொருட்படுத்தவில்லை. ஆறு ஆண்டுகள் காத்திருப்பு என்ற 1976 உடன்பாடு சங்கத்துக்கும் உவப்பாகவே இருந்தது. மூத்த வீரர்களின் விலையை உயர்த்த இளையவர்களின் உழைப்பு அடமானம் வைக்கப்பட்டது. அந்த அடமானம் இன்னும் மீட்கப்படவில்லை.

புள்ளியியல் நிபுணர்களின் வருகைக்குப் பிறகு அதன் சுமை கூடியது. 2003-இல் வெளியான மைக்கேல் லூயிஸின் ‘மனிபால்’, சந்தை குறைத்து மதித்த திறமைகளை ஓக்லண்ட் எப்படி மலிவாக வாங்கியது என்று சொன்னது. சில ஆண்டுகளிலேயே எல்லா அணிகளும் அதைக் கற்றுக்கொண்டன, மலிவு மறைந்தது. எல்லோருக்கும் எப்போதும் மிஞ்சிய ஒரே மலிவுச் சரக்கு இளமை. சிகாகோ கப்ஸ் 2015-இல் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 அன்றுதான் களமிறக்கியது. 172 நாட்கள் இருந்தால் ஓராண்டுப் பணி. அவருக்குக் கிடைத்தது 171. அந்த ஒரு நாளால் அவருடைய சுதந்திரம் ஓராண்டு தள்ளிப்போனது. அவர் முறையிட்டார், தோற்றார். 2022 ஒப்பந்தம் இதற்குச் சிறு ஒட்டுப் போட்டது: சிறந்த புதுமுக விருதில் முதலிரண்டு இடம் பெறுபவர்களுக்கு முழு ஆண்டுப் பணி, இளையவர்களுக்கு ஆண்டுதோறும் 5 கோடி டாலர் ஊக்க நிதி. 30 அணிகளுக்கும் சேர்த்து 5 கோடி!

தலைப்புச் செய்திகளில் வரும் பெருந்தொகைகள் இந்தப் படத்தை மறைக்கின்றன. டாட்ஜர்ஸ் 2023-இல் ஷோஹே ஒடானிக்கு அறிவித்த 70 கோடி டாலரில் 68 கோடியை 2034 முதல் வட்டியில்லாமல் தருகிறது. இன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 46 கோடிதான். இத்தகைய ஒப்பந்தங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே. பிட்சரின் தோள்பட்டையும் முழங்கையும் ஆறு ஆண்டுகள் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. மேலே சொன்ன பர்ன்ஸ், 2024 இறுதியில் அரிசோனாவுடன் ஆறு ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். 2025 ஜூனில் முழங்கையில் அறுவைச் சிகிச்சை. அரிசோனாவுக்கு நட்டம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். அதே காயம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நேர்ந்திருந்தால் நட்டம் யாருக்கு என்று யாரும் கேட்பதில்லை.

இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. ஊதியத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்பது உரிமையாளர்கள் தரப்பின் நெடுநாள் ஆசை. என் கருத்தில் விவாதிக்க வேண்டியது கூரையை அல்ல, வாசலை. காத்திருப்பை ஆறிலிருந்து நான்காகக் குறைக்க வேண்டும். நடுவர் தீர்ப்பு இரண்டாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். மில்வாக்கியும் பிட்ஸ்பர்க்கும் என்ன செய்யும்? நியாயமான கேள்வி. அவற்றைத் தாங்கிப்பிடிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி வருமானத்தை அணிகள் தமக்குள் இன்னும் தாராளமாகப் பங்கிடலாம். பணக்கார அணிகள் ஏழை அணிகளுக்குச் செய்ய வேண்டிய உதவியை, இருபத்து மூன்று வயது இளைஞர்களின் சம்பளத்திலிருந்து எடுத்துச் செய்வதாக இன்றைய ஏற்பாடு இருக்கிறது.

இப்போதுள்ள விதிகளின்படி பால் ஸ்கீன்ஸ் சுதந்திர வீரராவது 2029 பருவம் முடிந்த பிறகு. அப்போது அவருக்கு வயது 27. அதற்குள் அவர் ஆயிரக்கணக்கான பந்துகளை எறிந்தாக வேண்டும், அவற்றில் பலவற்றை ஏறத்தாழ 100 மைல் வேகத்தில்.